பதினொன்றாம் விதியும் என் புகைக்குழாயும்

1954ஆம் ஆண்டு ஜூன் 13, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். வெளியே தூறல். சரிவில் மூன்றாவது தேயிலை வரிசைக்கு மேல் எதுவும் தெரியாத மூட்டம். என் வீட்டு முன்னறையில் ஐந்து நாற்காலிகளிலும் ஒரு தேயிலைப் பெட்டியிலுமாக ஆறு ஆண்கள் உட்கார்ந்து ஒரு சங்கம் தொடங்கினோம். பெட்டியில் உட்கார்ந்தவன் நான், வீடு என்னுடையது என்பதால்.

வீடு என்னுடையது என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். வீடு தோட்டத்துடையது. அதில் எனக்குச் சொந்தமானவை சுவரில் நானே அடித்த ஆணிகள், பதினேழு. மற்ற ஐந்து பேருக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆக ஆறு வீடுகள், ஆறு குடும்பங்கள், சொந்தக்காரன் ஒருவனும் இல்லை. வேலை போனால் முப்பது நாளில் பெட்டியைத் தூக்க வேண்டும். போதாததற்கு எங்களில் நாலு பேர் குடியுரிமைக்கு மனுப் போட்டுவிட்டுப் பதில் வராமல் காத்திருந்தோம். எங்களை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று ஒரு நாடு யோசித்துக்கொண்டிருந்தது. நாங்கள் எவன் கோழி எவன் வாசலில் நிற்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தோம்.

கொட்டகலையிலிருந்து பஸ்ஸில் இறங்கி ஒன்றரை மைல் ஏறினால் வரும் தோட்டம் அது. நான் அங்கே பள்ளிக்கூட வாத்தியார். ஐந்தாம் நம்பர் வீட்டில் டீமேக்கர், அதாவது பேக்டரியில் தேயிலைத் தூள் தயாராவதைப் பார்த்துக்கொள்ளும் ஐயா. நாலாம் நம்பரில் தோட்டத்து டிஸ்பென்சர். கையில் இருந்த மூன்று கலவை மருந்துகளை வைத்து எண்ணூறு பேரைப் பார்த்துக்கொண்டவர், ஆகவே எல்லாருக்கும் டாக்டரய்யா. மற்ற மூன்று வீடுகளில் மலை வேலையைப் பார்க்கும் கண்டாக்கு இருவரும் ஸ்டோர் கிளாக்கர் ஒருவரும். அந்த மூவரையும் நான் இங்கே கைகளாகத்தான் குறிப்பிட முடியும். கூட்டங்களில் அவர்கள் தூக்கியது கையை மட்டுமே, வாயைத் திறந்ததில்லை.

ஆறு வீட்டுக்கும் ஒரே தகரக்கூரை. ஒரு வீட்டையும் அடுத்த வீட்டையும் பிரிக்கும் சுவர் எட்டடி உயரத்தோடு நின்றுவிடும். அதற்கு மேல் கூரை வரைக்கும் வெட்டவெளி. கொழுந்து பறிப்பவர்கள் இருந்த லயங்களும் அப்படித்தான். வித்தியாசம் என்னவென்றால் எங்களுக்கு அறை ஒன்று கூடுதல், வாசலில் இரண்டு அடி பூப்பாத்தி. அதனால் தொழிலாளர்கள் எங்கள் வரிசைக்கு 'ஐயாமாரு லயம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். சங்கம் பிறந்த காரணம் இதுதான். இது லயம் இல்லை என்று நிரூபிக்க வேண்டும். எப்படி நிரூபிப்பது? விதி போட்டு.

இருபத்திமூன்று விதிகள். படித்தவன் என்று பேனாவை என்னிடம் கொடுத்தார்கள். முன்வாசலில் துணி காயப்போடக் கூடாது. வேலி முழங்காலுக்கு மேல் வளரக் கூடாது. பின்பக்கக் கழிவுநீர்க் கானை வாரத்துக்கு ஒரு வீடாக முறைவைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். பாத்தியில் செவ்வந்தி மட்டும். இவையெல்லாம் மற்றவர்கள் சொன்னவை, நான் எழுதினேன். பதினொன்றாம் விதி மட்டும் என் சொந்தச் சரக்கு: 'கூரைக்கு மேலே எந்தப் பொருளும் நிறுத்தப்படலாகாது, மீறினால் நாளொன்றுக்கு ஐம்பது சதம்.'

அது யாருக்காக எழுதப்பட்டது என்று அறையில் இருந்த ஆறு பேருக்கும் தெரியும். டீமேக்கரிடம் பாட்டரியில் ஓடும் ரேடியோ ஒன்று இருந்தது. அதற்கு ஏரியல் கட்ட, பின்பக்கக் கூரை ஓரத்தில் பதினான்கு அடி மூங்கில் கம்பம் நட்டிருந்தார். மாலை ஐந்தரைக்குப் பாட்டு தொடங்கும். சுவரைத் தாண்டி வந்து என் மேசையில் உட்காரும். நான் தினம் நாற்பத்தாறு பிள்ளைகளின் கொப்பி திருத்துபவன். பாட்டு ஓடும்போது ஒரு கொப்பிக்கு மூன்று நிமிடம், ஓடாதபோது இரண்டு. கணக்கைப் பார்த்தீர்களா? ஒரு மாலைக்கு நாற்பத்தாறு நிமிடம் அவர் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டிருந்தார்.

அவரைச் சமாதானப்படுத்தத் தலைவர் பதவியைக் கொடுத்தோம். கம்பத்தைப் பறித்துவிட்டு நாற்காலியைக் கொடுத்தோம் என்று சொல்வதுதான் சரி. அவர் விதிகளைக் கேட்டு முடித்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு மாஸ்டர். ஆனா தொரை சைன் வைக்காத பேப்பரு இந்தத் தோட்டத்துல பேப்பரே இல்ல. வாங்கிட்டு வந்துருங்க."

ஆறு கைகள் உயர்ந்தன. இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது. தோட்டத்தை நடத்தும் துரைக்குத் தெரியாமல் நாங்களாகவே நடத்திக்கொள்ளத் தொடங்கிய ஒரே காரியம் அது. அதையும் அவர் மேசைக்குக் கொண்டுபோக முதல் நாளே தீர்மானித்தோம். ஆனால் அன்று எனக்கும் அது நியாயமாகவே பட்டது. பேர் போடும் செக்ரோல், அரிசிச் சீட்டு, கல்யாண லீவு எல்லாவற்றுக்கும் அந்தக் கையெழுத்தில்தான் உயிர். நாலு நாள் கழித்துப் போனேன். துரை முதல் பக்கத்தைப் பார்த்தார், நடுவில் எதையும் திருப்பவில்லை, கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். மொத்தம் நாற்பது விநாடி. என் மேல் அவ்வளவு நம்பிக்கை என்று நினைத்து நெஞ்சு நிமிர்த்தி வந்தேன்.

டீமேக்கர் அந்த வாரமே கம்பத்தைத் தானே அறுத்துச் சாய்த்தார். ரேடியோவை வெள்ளைத் துணியால் மூடி அலமாரியின் மேல் வைத்துவிட்டதாக அவர் மனைவி என் மனைவியிடம் சொன்னாராம். என் கொப்பிகள் இரண்டு நிமிடத்துக்குத் திரும்பின. பத்து மாதம் நான் சந்தோஷமாக இருந்தேன். அதற்குள் வேறு ஏதாவது ஒரு விதியை மீறியதாக நாங்கள் ஆறு பேரும் ஒருவரையொருவர் முப்பத்தெட்டுத் தடவை பிடித்துக் கொடுத்திருந்தோம். ஸ்டோர் கிளாக்கர் வீட்டு வேலி முழங்காலுக்கு மேலா கீழா என்று பார்க்க எவன் முழங்கால் என்ற கேள்வி வந்தபோது, டிஸ்பென்சர்தான் ஆறு பேரையும் வரிசையாக நிற்கவைத்து அளந்தார். நான்தான் குள்ளம். ஆறு வீட்டு வேலியும் என் முழங்காலுக்கு வந்தது. பெருமையாகத்தான் இருந்தது.

என் மனைவிக்கு இழுப்பு உண்டு. மலைக்குளிரில் அது கூடும். அந்த வருடம் குளிர் போயும் குறையவில்லை. மார்ச் மாதத்தில் மட்டும் பத்தொன்பது இரவு சுவரில் சாய்ந்தபடி உட்கார்ந்தே கழித்தாள். டிஸ்பென்சர் வந்து நாடியைப் பார்த்தார், பிறகு கூரையைப் பார்த்தார். பள்ளத்திலிருந்து வரும் காற்று முதலாம் நம்பர் வீட்டில் புகுந்து, ஆறு அடுப்புப் புகையையும் சுவர்களுக்கு மேலாகத் தள்ளிக்கொண்டு வந்து கடைசி வீடான எங்கள் வீட்டில் கொட்டிக்கொண்டிருந்தது.

"எனக்குத் தெரிஞ்ச மருந்து ரெண்டு, மாஸ்டர்" என்றார். "ஒண்ணு மிக்ஸ்சர். இன்னொண்ணு பொகையில்லாத வீடு. மொதல்துதான் என்கிட்ட இருக்கு. ரெண்டாவத நீங்க பாருங்க. பாக்கலேன்னா அடுத்த மழைக்கு நான் பொறுப்பில்ல."

கடைசி வாக்கியத்தை அவர் மெதுவாகத்தான் சொன்னார். உள்சுவரும் எட்டடிதான் என்பதால் உள்ளறையில் இருந்த அவளுக்கும் கேட்டது.

கொட்டகலை பஜாரில் தகர வேலை செய்பவரிடம் தார்ப்பீப்பாய்த் தகரத்தில் நாலடிக் குழாய் ஒன்றும் மேலே மழை விழாமல் ஒரு தொப்பியும் செய்வித்தேன். ஏழு ரூபாய் இருபத்தைந்து சதம். ஏப்ரல் 3ஆம் தேதி, எங்கள் வீடும் ஐந்தாம் நம்பரும் சேரும் இடத்தில் தகரத்தில் ஓட்டை போட்டு நிறுத்தினேன். கூரைக்கடியில் சேர்ந்த ஆறு வீட்டுப் புகையும் அதன் வழியாக எழுந்து போனது. மாலை ஆறிலிருந்து எட்டுவரை வரிசை முழுவதிலும் கேட்கும் இருமல்களை நான் எண்ணுவது வழக்கம். முன்னே நூற்று நாற்பதுக்குக் குறைந்ததில்லை. குழாய் வைத்த நாலாம் நாள் ஐம்பத்திரண்டு. டீமேக்கரின் இருமலும் அதில் குறைந்திருந்தது. மனைவி ஒரு வாரம் படுத்துத் தூங்கினாள்.

ஒன்பதாம் நாள் டீமேக்கர் வாசலில் வந்து நின்றார். கையில் விதிப் புத்தகம்.

"மாஸ்டர், பதினொண்ணாம் நம்பரு."

"தெரியுங்க. ஆனா இது சுகவீனத்துக்கு வச்சது. நீங்களே பாருங்க, ஒங்க வீட்டுப் பொகையும் இதுலதான் போகுது."

"போகுது. நல்லாத்தான் இருக்கு. என் கம்பமும் எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு." விதிப் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். எழுத்து என்னுடையது, அழகான எழுத்து. "எழுதறப்ப பேனாவ நீங்க புடிச்சீங்க. இப்ப அது ஒங்கள புடிக்குது. ஒம்பது நாளு, நாலர ரூவா."

நாலரை ரூபாயைக் கட்டினேன். குழாயை இறக்கினேன். ஓட்டையைப் பெட்டிப் பலகையால் மூடிக் கல் வைத்தேன். அன்று மாலை அடுப்பை ஊதிக்கொண்டே மனைவி கேட்டாள்.

"ஏங்க, இருவத்திமூணு விதி எழுதுனீங்களே. அடுப்பு ஊதுறவ ஒருத்தியாவது அந்தக் கூட்டத்துல இருந்தாளா?"

"அது வீட்டுத் தலைவர்களோட கூட்டம்."

"தலைவருங்க சரி. பொகைக்குத் தலைவர் யாரு?"

பதில் சொல்வதற்குள் அவளுக்கு இழுப்பு வந்துவிட்டது. ஆகவே அந்த வாதத்தில் நான் தோற்கவில்லை. ஜெயித்ததாகவும் சொல்ல முடியாது.

அடுத்த ஞாயிறு கூட்டம். என்னைப் பற்றிய விஷயம் என்பதால் நான் வாக்குப் போடவில்லை. டிஸ்பென்சர் பேசினார். குழாயை அனுமதிக்க நாலு கை. டீமேக்கர் கை மடியிலேயே இருந்தது. நாலுக்கு ஒன்று. நான் பெட்டியிலிருந்து எழுந்தேன்.

"ஒக்காருங்க மாஸ்டர்" என்றார் டீமேக்கர். "நாலு இல்ல, நாப்பது கை தூக்குனாலும் ஆகாது. இது தொரை சைன் வச்ச பேப்பரு. தொரை வச்சத நாம அழிக்க முடியுமா?"

யாருக்கும் அது வேடிக்கையாகத் தெரியவில்லை, எனக்குக்கூட. நாங்கள் எழுதியது, எங்கள் வீட்டைப் பற்றியது, எங்களுக்கு வேண்டாமென்று நாங்களே தீர்மானித்தது. ஆனாலும் மாற்ற முடியாது. கீழே ஒரு கோடு ஆங்கிலத்தில் இருந்தது.

துரை மார்ச் மாதமே ஆறு மாத லீவில் சீமைக்குப் போய்விட்டார். அவருக்கு அடுத்த நிலையிலிருந்த சின்னத்துரையிடம் போனேன். அவர் தாளின் கீழ்ப்பாகத்தை மட்டும் பார்த்தார்.

"பெரிய தொரை சைன். நான் கை வைக்க மாட்டேன். செப்டம்பர்ல வா."

இடையில் மே, ஜூன், ஜூலை, ஆகஸ்ட். நான்கு மழை மாதங்கள். டிஸ்பென்சர் பொறுப்பில்லை என்று சொன்ன மாதங்கள்.

கடைசியில் டீமேக்கரே ஒரு வழி சொன்னார். மனிதர் கல்நெஞ்சக்காரர் அல்ல, விதியைக் கைவிடத் தெரியாதவர், அவ்வளவுதான். பேக்டரி ரோட்டிலிருந்து பார்க்கிறவன் கண்ணுக்குத் தெரியாதவரை குழாய் நிற்கலாம். விடியுமுன் ஐந்து மணிக்கு ஏற்றிப் பெரட்டுத் தப்பு அடிப்பதற்குள் இறக்கிவிட வேண்டும். பெரட்டு என்பது காலையில் ஆட்களைக் கூப்பிட்டுப் பேர் பதியும் கூட்டம், அதற்குத் தப்பு அடித்துத்தான் அழைப்பார்கள். மாலையில் இருட்டியபின் ஏற்றிச் சமையல் முடிந்ததும் இறக்க வேண்டும்.

"இருட்டுல நிக்கிறது என் கண்ணுல படாது" என்றார். "படாதத நான் எப்புடி எழுதறது?"

மூன்றரை ரூபாய்க்கு ஓர் ஏணி வாங்கினேன். ஏப்ரல் 25ஆம் தேதி காலை தொடங்கினேன். ஒரு நாளைக்கு நாலு தடவை ஏற வேண்டும்: ஏற்ற, இறக்க, மறுபடி ஏற்ற, இறக்க. அப்போது எனக்கு வயது நாற்பத்தொன்று. ஈரத் தகரத்தின் மேல், வாயில் டார்ச்சைக் கடித்துக்கொண்டு, விதிப்படி வாழ்ந்தேன். கீழே லயங்களில் விளக்கேற்றும் ஆட்கள் அண்ணாந்து பார்ப்பது தெரியும். ஐயாமாரு லயத்தில் வாத்தியார் விடியுமுன் கூரையில் என்ன செய்கிறார் என்பதற்கு அவர்களிடம் மூன்று விளக்கங்கள் இருந்தன. எதுவும் என் மதிப்பைக் கூட்டுவதாக இல்லை.

ஆனால் மனைவி மூச்சு விட்டாள். ஜூன் மாதத்தில் உட்கார்ந்து கழித்த இரவுகள் நாலு.

ஜூலை 9, சனிக்கிழமை. விடாத மழை. காலை ஐந்து ஐம்பதுக்குக் குழாயை இறக்க ஏறினேன். அது முந்நூற்றிரண்டாவது ஏற்றம். குழாயைக் கழற்றி ஒரு கையில் பிடித்தபோது கால் வழுக்கிவிட்டது. தகரத்தின் பள்ளம் வழியே நேராகக் கீழ்நோக்கிச் சறுக்கினேன். எந்த இடத்தை நோக்கிப் போகிறேன் என்பது போகும்போதே எனக்குத் தெரிந்தது. டீமேக்கரின் கம்பம் இருந்த இடம். பதினான்கு அடி முற்றிய மூங்கில், இரண்டு இடத்தில் கம்பி போட்டு முறுக்கியது, என்னைப்போல மூன்று பேரைத் தாங்கும். கையை நீட்டினேன். அந்தக் கம்பி வளையங்கள் மட்டும் துருப்பிடித்து மிச்சமிருந்தன. அவற்றில் ஒன்று என் கையோடு வந்தது.

கானில் விழுந்தேன். அந்த வாரம் கான் சுத்தம் செய்யும் முறை என்னுடையது. ஒரு கைப்பிடிச் சேறுகூட இல்லாமல் வழித்து வைத்திருந்தேன். கருங்கல்லில் நேராக விழுந்து வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்தது. வேலிக்கு அளவு எடுத்த அதே கால்.

முதலில் ஓடி வந்தவர் டீமேக்கர். தன் போர்வையை என்மேல் போட்டார்.

"அசையாதீங்க மாஸ்டர். டாக்டரய்யாவ கூப்புட்டிருக்கு." கூரை ஓரத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு என் கையிலிருந்த வளையத்தைப் பார்த்தார். "புடிக்க ஒண்ணுமில்லாம போச்சே" என்றார்.

குத்திக்காட்டுகிறாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை. அதுதான் இன்னும் வலித்தது.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வாடகைக் கார் இருபத்திரண்டு ரூபாய். மனைவி ஐந்து தடவை பஸ்ஸில் வந்து பார்த்தாள், தடவைக்கு எழுபது சதம். நாற்பத்தொரு நாள் மாவுக்கட்டு. நாற்பத்தொரு நாளும் அரைச் சம்பளம். அதாவது நாளொன்றுக்கு ஒரு ரூபாய் அறுபது சதம் போனது. நான் படுத்திருந்த நாட்களில் குழாயை ஏற்றி இறக்கியவர் டீமேக்கர். இருட்டில்தான். விதி விதிதானே.

செப்டம்பரில் துரை திரும்பினார். ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். தோட்டம் நடத்தத் தேவையான தமிழை அவர் இருபது வருடத்தில் கற்றிருந்தார். அதில் கட்டளையும் கேள்வியும் உண்டு, மற்றவை இல்லை.

"மாஸ்டர், காலுக்கு என்னா?"

சொன்னேன். பதினோரு நிமிடம் ஆனது. விதிப் புத்தகத்தை முன்னால் வைத்தேன். அவர் தன் கையெழுத்தைப் பார்த்தார், பிறகு முதல் பக்கத்தைப் பார்த்தார், புத்தகத்தை ஒருமுறை தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தார்.

"இது கோயில் திருவிழாவுக்கு லீவு கேட்ட பேப்பர் இல்லே?"

"இல்லீங்க தொரை. எங்க சங்கத்து விதிங்க."

"எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஒனக்கு அது தெரியும்தானே? ஏன் சொல்லல்லே? போ. குழாய் வை."

இருபது விநாடி. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். லீவு விண்ணப்பம் என்று நினைத்துத்தான் கையெழுத்துப் போட்டார், ஆனால் அந்த வருடம் திருவிழாவுக்கு லீவு தரவில்லை.

குழாயை நாலு கம்பி போட்டு நிரந்தரமாகக் கட்டினேன். அடுத்த கூட்டத்தில் பதினொன்றாம் விதியை எடுத்துவிட நானே முன்மொழிந்தேன். ஆறு கைகள். டீமேக்கர் புதுக் கம்பம் நட்டார். ஆனால் ரேடியோ பேசவில்லை. பதினைந்து மாதம் சும்மா கிடந்ததில் ஈரம் ஏறி உள்ளே வால்வு போய்விட்டது. அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. சுவருக்கு மேலாக அவர் மனைவி பெருமூச்சு விட்டது மட்டும் கேட்டது. பஜாரில் விசாரித்தேன். பதினெட்டு ரூபாய் எழுபத்தைந்து சதம். கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் எண்ணிப் பார்க்காமலே சட்டைப்பையில் போட்டார். எண்ணியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாளிலிருந்து ஐந்தரைக்குப் பாட்டு. ஒரு கொப்பிக்கு மூன்று நிமிடம்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், போன வாரம் எங்கள் தெருவிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். தெருவில் சங்கம் வைக்கப் போகிறார்களாம், இவர்களுக்கு வீடு சொந்தம்கூட. படித்தவர், வயதானவர், விதி எழுதித் தாருங்கள் என்றார்கள். குழாய்த் தண்ணீருக்கும் கானுக்கும் சேர்ந்து முடிவெடுங்கள், அது வேண்டியதுதான் என்றேன். அடுத்தவன் கூரைக்கு விதி எழுதுமுன் அவன் வீட்டு அடுப்பை யார் ஊதுகிறார்கள் என்று கேட்டு, அவர்களையும் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள் என்றேன். கையெழுத்துக்கு யாரிடமும் கொண்டுபோகாதீர்கள் என்றும் சொன்னேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உள்ளேயிருந்து என் மனைவி, "பேனாவ மட்டும் இவருகிட்ட குடுத்துராதீங்க" என்றாள். அவளுக்கு இப்போது எழுபத்திரண்டு வயது. இதைச் சொல்ல அவளுக்கு மூச்சு இருந்தது.

அவர்கள் போனபின் பழைய கொப்பியை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். குழாய், அபராதம், ஏணி, கார், பஸ், அரைச் சம்பளம், வால்வு. சங்கச் சந்தாவைச் சேர்க்கவில்லை, அது நானாக விரும்பிக் கொடுத்தது. நூற்று இருபத்தைந்து ரூபாய் பத்துச் சதம்.